ஸ்டேஷனில் எத்தனை பேர்?

ஓசூர் சிப்காட்டில் இருபத்தைந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்துபவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு காகித வேலை உண்டு. காலாண்டின் கடைசி நாளில் தன்னிடம் எத்தனை ஆண்கள், எத்தனை பெண்கள் வேலை பார்த்தார்கள், எத்தனை இடங்கள் காலியாயின, அவற்றில் எத்தனை நிரம்பின, எந்த வேலைக்கு ஆளே கிடைக்கவில்லை என்பதையெல்லாம் ‘ஈ.ஆர்.1’ படிவத்தில் எழுதி முப்பது நாளுக்குள் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். காலிப் பணியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் சொல்லும் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த கடமை இது. அனுப்பத் தவறினால் முதல் தடவை 250 ரூபாய் வரையிலும், அடுத்த தடவைகளில் 500 ரூபாய் வரையிலும் அபராதம் என்று அந்தச் சட்டம் வைத்தது. 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதற்குப் பதிலாக வந்தபோதும் கடமை போகவில்லை. சட்டம் பொருந்தும் வரம்புதான் இருபது பேராகக் குறைந்தது.

அதே பட்டறையில் ஒரு ராத்திரி பூட்டை உடைத்து யாராவது பித்தளைக் கட்டிகளை அள்ளிக்கொண்டு போனால், முதலாளி போய் நிற்க வேண்டிய இடம் சிப்காட் காவல் நிலையம். அந்த நிலையத்துக்கு அரசு ஒதுக்கிய காவலர்கள் எத்தனை, உண்மையில் பணியில் இருப்பவர்கள் எத்தனை, அவர்களில் அன்றைக்கு ஸ்டேஷன் வேலையைப் பார்ப்பவர்கள் எத்தனை என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவர் பார்க்கக்கூடிய பலகையோ இணையப் பட்டியலோ கிடையாது. அரசுத் துறைகளும் 1959 சட்டத்துக்குள் அடங்கியவைதான். ஆனால் படிவத்தின் பயணம் கீழிருந்து மேலே மட்டும்தான். ஸ்டேஷன் வாரியான கணக்கு ஊர்மக்கள் கைக்கு வருவதில்லை.

காவல்துறை தன் ஆள்பலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பொதுவில் வைத்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் தேவையா? உலகின் பல மூலைகளில் பேசப்படும் இந்தக் கேள்விக்குப் பொருத்தமான ஊர் ஓசூர். கர்நாடக எல்லையும், தொழிற்சாலையும், காடும், தேசிய நெடுஞ்சாலையும் ஒரே மாவட்டத்தில் வந்து முட்டும் இடம் அது.

மூன்று எண்கள்

போலீஸ் ஆள்பலம் என்று ஒரே எண்ணாகப் பேசுகிறோம். உள்ளே அது மூன்று எண்கள்.

முதலாவது, அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள். ஒரு நிலையத்துக்கு எத்தனை ஆய்வாளர், எத்தனை உதவி ஆய்வாளர், எத்தனை காவலர் என்று அரசாணை தரும் எண் அது. தமிழ்நாட்டில் வழக்குகளின் எண்ணிக்கையைப் பார்த்து நிலையங்களை ‘ஹெவி’, ‘மீடியம்’, ‘லைட்’ என்று வகைப்படுத்தும் வழக்கம் உண்டு. ஒதுக்கீட்டுக்கு அதுவும் ஓர் அடிப்படை. இரண்டாவது, அந்த இடங்களில் நிரப்பப்பட்டவை. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் வருவது காலியிடம். சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பேசப்படுவது பெரும்பாலும் இந்தக் கழித்தல் கணக்குதான்.

மூன்றாவது எண்தான் புகார் கொடுக்கப் போகிறவருக்கு முக்கியம். இன்று இந்த நிலையத்தின் எல்லைக்குள் வேலை செய்யக் கையில் இருப்பவர்கள் எத்தனை?

காலை ரோல்காலில் இது பளிச்சென்று தெரியும். கணக்குப் புரிவதற்காக, நாற்பது பேர் பெயர் உள்ள ஒரு நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வாசலில் பாரா நிற்க ஆள் வேண்டும்; அது மூன்று வேளைக்கும் மாற வேண்டும். ரைட்டர் நாற்காலியை விட்டு எழ முடியாது. வரவேற்பு மேஜையில் ஒருவர், கணினியில் முதல் தகவல் அறிக்கையை ஏற்ற ஒருவர், வழக்குக் கட்டுகளோடு நீதிமன்றத்துக்குப் போக ஒருவர், சம்மனும் வாரண்டும் கொடுக்க ஒருவர். நேற்று இரவு ரோந்து போனவர்களுக்கு ஓய்வு தர வேண்டும். வார விடுப்பில் சிலர், மருத்துவ விடுப்பில் சிலர், பயிற்சிக்குப் போனவர்கள் சிலர். ‘ஓ.டி.’ என்று காவலர்கள் சொல்லும் அயற்பணியில் வேறெங்கோ வேலை செய்துகொண்டு, சம்பளப் பட்டியலில் மட்டும் இங்கே இருப்பவர்கள் சிலர். மாவட்டத்தில் திருவிழாவோ அமைச்சர் வருகையோ இருந்தால் ‘பந்தோபஸ்து’ என்று ஒரு வேன் நிறைய ஆள் போய்விடும். மிச்சம் இருப்பவர்களை வைத்துத்தான் ஆய்வாளர் திருட்டு வழக்கைத் துப்பறிய வேண்டும், விபத்துக்கு ஓட வேண்டும், குடும்பச் சண்டைக்குப் பஞ்சாயத்தும் பேச வேண்டும்.

இந்த மூன்றாவது எண் எந்த ஆண்டறிக்கையிலும் வருவதில்லை. பொது நாட்குறிப்பில் அன்றாடம் எழுதப்படுகிறது, அங்கேயே தங்கிவிடுகிறது.

அயற்பணிக்குப் பின்னால் ஒரு பழைய கதையும் உண்டு. அதிகாரிகள் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைத்துக்கொள்ளும் ஆர்டர்லி முறையைத் தமிழ்நாடு அரசு 1979-லேயே ஒழித்து ஆணையிட்டது. நாற்பதாண்டு கழித்து, 2022-இல், அந்த முறை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகப் பேச வேண்டியிருந்தது. ஒழிக்கப்பட்ட ஒன்று நாற்பதாண்டு நீடிக்க முடிந்ததற்குப் பல காரணங்கள் இருக்கலாம். யார் எங்கே வேலை பார்க்கிறார் என்ற கணக்கை வெளியாள் எவரும் பார்க்க முடியாது என்பது அதில் ஒன்று.

எல்லையில் ஒரு மாவட்டம்

ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பிரிந்து 2004 பிப்ரவரியில் தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள்தொகை 18.79 லட்சம். ஓசூர் 2019-இல் மாநகராட்சியானது. எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று வளர்ந்த ஊருக்குப் பக்கத்தில், இப்போது தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை என்று அடுத்த அலை வந்துவிட்டது. ஒடிசா, ஜார்க்கண்ட், பீகார், அசாமிலிருந்து வந்தவர்களும், தென்மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களும் ஷிப்ட் முடிந்து சாலைக்கு வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் 2011 கணக்கில் இருக்கிறார்கள்?

போலீஸ் ஆள்பலத்தை அளக்கும் வழக்கமான அளவுகோல் ‘ஒரு லட்சம் மக்களுக்கு எத்தனை போலீஸ்’ என்பது. இந்திய அளவில் அனுமதிக்கப்பட்டது 197 என்றும், உண்மையில் இருப்பது 155 என்றும் 2025-இன் இந்திய நீதி அறிக்கை சொன்னது. போலீஸை எண்ணுவது ஒரு பக்கம். கீழே வகுக்கும் எண்ணான மக்கள்தொகையே பழசாகவோ, மதிப்பீடாகவோ இருக்கிறது. சூளகிரி ஓரமாக வாடகைக்கு எடுத்த ஓர் அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கும் வெளிமாநிலத் தொழிலாளர்கள் அந்த வகுத்தலில் அவரவர் சொந்த ஊரில்தான் நிற்கிறார்கள். 2027 மார்ச் 1-ஐக் குறிநாளாகக் கொண்ட அடுத்த கணக்கெடுப்பின் விவரம் வரும்வரை இதுதான் நிலை.

எல்லை என்பதால் இன்னொரு சுமை. 2016 செப்டம்பர் 12-ஆம் தேதி, காவிரித் தீர்ப்பை ஒட்டி பெங்களூருவில் கலவரம் வெடித்து தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்தபோது, ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே போக்குவரத்து நின்றது. பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மக்கள் நடந்தே எல்லையைக் கடந்தார்கள். மாவட்டத்தின் போலீஸ் பலம் அந்தச் சில கிலோமீட்டருக்குள் குவிய வேண்டியிருந்தது. அப்படிக் குவியும்போது மற்ற நிலையங்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதைச் சொல்லும் பொது ஆவணம் இல்லை.

2021 ஜனவரி 22 அன்று ஓசூர் பாகலூர் சாலையில் இருந்த தனியார் நகைக்கடன் நிறுவனக் கிளைக்குள் துப்பாக்கியோடு புகுந்த கும்பல் சுமார் 25 கிலோ தங்கத்தோடு வெளியேறியது. மறுநாளே ஹைதராபாத் அருகே பிடிபட்டார்கள். நகைகளோடு இருந்த ஜி.பி.எஸ். கருவியும், மூன்று மாநிலப் போலீஸாரின் ஒருங்கிணைப்பும் அதற்கு உதவின. எல்லையோர ஊரில் திருடனுக்கு உள்ள வசதி, சில நிமிடங்களில் வேறு மாநிலத்துக்குப் போய்விடலாம் என்பது. அவனைத் துரத்தும் தனிப்படைக்கு எடுக்கும் ஆட்களும் ஏதோ ஒரு ஸ்டேஷனின் பட்டியலிலிருந்துதான் எடுக்கப்படுகிறார்கள்.

2023 பிப்ரவரி 2-இல் சூளகிரியை அடுத்த கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி தாமதமானதால் இளைஞர்கள் தேசிய நெடுஞ்சாலையை மறித்தார்கள். கல்வீச்சில் பேருந்துகளும் போலீஸ் வண்டிகளும் சேதமாயின. பல மணி நேரம் பெங்களூரு – கிருஷ்ணகிரி சாலை ஓடவில்லை. பெருங்கூட்டம் திரளும் இடத்தில் முதல் அரை மணி நேரத்தைச் சமாளிப்பது உள்ளூர் நிலையம்தான். ஆயுதப்படை வந்து சேர நேரமாகும்.

இவை தலைப்புச் செய்தியானவை. செய்தியாகாத வேலைகளும் இருக்கின்றன. குளிர்காலத்தில் பன்னார்கட்டா, ஜவளகிரி வழியாக வரும் யானைக் கூட்டம் சானமாவு காட்டில் முகாமிட்டு, இரவில் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வனத்துறையோடு சேர்ந்து லாரிகளை இரண்டு பக்கமும் நிறுத்தி வைப்பதும் காவலர்தான். யானை கடந்து முடிய ஆகும் நேரத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் வழக்கு எண் கிடையாது. ஆகவே ‘ஹெவி’, ‘லைட்’ கணக்கிலும் அது ஏறாது.

இப்போது யார் எண்ணுகிறார்கள்?

யாருமே எண்ணவில்லை என்று சொல்ல முடியாது. மத்திய உள்துறையின் கீழ் 1970-இல் தொடங்கப்பட்ட போலீஸ் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுப் பணியகம், 1986 முதல் மாநிலங்களின் போலீஸ் விவரங்களைத் தொகுத்து வெளியிடுகிறது. நாடு முழுவதும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 27 லட்சத்துக்கு மேல், பணியில் இருப்பவர்கள் 21 லட்சத்துக்குச் சற்று மேல், காலி 5 லட்சத்துக்கும் அதிகம் என்பதெல்லாம் அந்தத் தொகுப்பிலிருந்து தெரியவருபவை. ஆனால் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி காவல் என்பது மாநிலப் பட்டியலில் உள்ளது. மாநிலங்கள் அனுப்பும் எண்ணைத்தான் பணியகம் அச்சிட முடியும். புத்தகம் வெளிவரும்போது எண்ணுக்கு ஒரு வயதோ அதற்கு மேலோ ஆகியிருக்கும். மாநிலம் முழுவதற்குமான எண்ணில் அஞ்செட்டியும் அண்ணா நகரும் ஒன்றாகக் கரைந்துவிடும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஒருமுறை காவல் மானியக் கோரிக்கையோடு கொள்கை விளக்கக் குறிப்பு சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பதவி வாரியாக எத்தனை இடம், எத்தனை காலி என்று அதில் பார்க்கலாம். இது மரபால் நடப்பது. இன்ன வடிவில், இன்ன தேதிக்குள், நிலையம் வாரியாகத் தர வேண்டும் என்ற கட்டாயத்தால் நடப்பதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் அலுவலர்கள், ஊழியர்கள் விவரப் பட்டியலைக் கேட்காமலே வெளியிட வேண்டும் என்கிறது. பட்டியலில் இருப்பவர்களைச் சொல்லச் சொன்ன சட்டம், இல்லாதவர்களைச் சொல்லச் சொல்லவில்லை. 2013-இல் வந்த தமிழ்நாடு காவல்துறைச் சீர்திருத்தச் சட்டம், பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 செப்டம்பர் 22-இல் கொடுத்த கட்டளைகளை ஒட்டி வந்தது. ஆணையம், பணியமைப்புக் குழு, புகார் அமைப்பு ஆகியவற்றைச் சுற்றியே அது நகர்கிறது.

ஆள்பலத்தைப் பகிரங்கமாகச் சொல்ல வைத்த சந்தர்ப்பம் ஒன்று நீதிமன்றத்தில் நடந்தது. போலீஸ் காலியிடங்களைப் பற்றி மணீஷ் குமார் என்பவர் 2013-இல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2017 ஏப்ரலில் தலைமை நீதிபதி ஜே.எஸ்.கேஹர் தலைமையிலான அமர்வு ஆறு மாநிலங்களின் உள்துறை அதிகாரிகளை வரவழைத்தது. உத்தரப் பிரதேசம், பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம் ஆகியவற்றோடு எல்லையின் இரண்டு பக்கத்து மாநிலங்களும், அதாவது கர்நாடகமும் தமிழ்நாடும், அந்தப் பட்டியலில் இருந்தன. உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை லட்சம் இடங்கள், கர்நாடகத்தில் 24,000-க்கு மேல், தமிழ்நாட்டில் 19,000-க்கு மேல் காலி என்ற கணக்கு நீதிமன்றத்தின் முன்னால் வந்தது. எந்த ஆண்டில் எத்தனை பேரைத் தேர்வு செய்யப் போகிறீர்கள் என்று தேதி போட்டு எழுதித் தரும்படி நீதிபதிகள் கேட்டார்கள். மாநிலங்கள் எழுதித் தந்தன. பின்னர் 2019-இல் கண்காணிக்கும் பொறுப்பு அந்தந்த உயர் நீதிமன்றங்களுக்குப் போனது. மாநிலங்களைத் தேதியோடு பேச வைத்தது எண்ணும், அதைக் கேட்கும் அதிகாரம் உள்ள ஓர் இடமும்.

வெளியே எப்படி?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள 43 போலீஸ் படைகளின் ஆள்பலத்தை உள்துறை ஆண்டுக்கு இரண்டு முறை வெளியிடுகிறது. மார்ச் 31 நிலவரம் ஒன்று, செப்டம்பர் 30 நிலவரம் ஒன்று. 2019-இல் அந்நாட்டு அரசு இருபதாயிரம் போலீஸைக் கூடுதலாகச் சேர்ப்போம் என்று அறிவித்து, 2023 மார்ச்சுக்குள் சேர்த்துவிட்டதாகச் சொன்னது. உடனே எதிர்த்தரப்பு அதே அரசின் பட்டியலை எடுத்து, 2010-க்குப் பிறகு குறைத்ததும் கிட்டத்தட்ட அதே இருபதாயிரம்தானே என்று கேட்டது. இரண்டு தரப்பும் ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு சண்டை போட முடிந்தது.

அமெரிக்காவில் நிலைமை வேறு. சுமார் 18,000 தனித்தனிப் போலீஸ் அமைப்புகள். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31 நிலவரப்படி எஃப்.பி.ஐ. எண்ணிக்கையைக் கேட்டு வாங்குகிறது. ஆனால் தேசிய அளவில் அனுப்புவது அவரவர் விருப்பம். விட்டுப்போகும் அமைப்புகளால் கணக்கில் ஓட்டை விழுகிறது. ஆள்பலத்தை அறிவிப்பதைச் சட்டமாக்க வேண்டும் என்ற பேச்சு அங்கே எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கே சட்டம் வந்தால் முதலில் கிளம்பும் எதிர்ப்பு தெரிந்ததே: எந்த ஸ்டேஷனில் ஆள் குறைவு என்று திருடனுக்கே சொல்லிக் கொடுப்பதா? கேள்வியில் நியாயம் உண்டு. இன்றிரவு ரோந்தில் எத்தனை பேர் என்பதை யாரும் வெளியிடச் சொல்லவில்லை. ஆறு மாதம் பழைய நிலவரம், உளவுப் பிரிவுகளையும் சிறப்புப் படைகளையும் விட்டுவிட்டுச் சட்டம்-ஒழுங்கு, குற்றப்பிரிவு, போக்குவரத்து, மகளிர் காவல் நிலையங்களுக்கு மட்டும் என்று வரம்பு கட்டலாம். தகவல் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு உளவு, பாதுகாப்பு அமைப்புகளுக்கு ஏற்கெனவே விலக்கு அளிக்க இடம் தருகிறது. அதே கோட்டை இங்கேயும் இழுக்கலாம். ஸ்டேஷனில் ஆள் குறைவு என்பது அந்த வட்டாரத்துப் பழைய குற்றவாளிகளுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாதது வரி கட்டுபவருக்குத்தான்.

இரண்டாவது எதிர்ப்பு துறைக்குள்ளிருந்தே வரும்: எண்ணைச் சொன்னால் ஆள் வந்துவிடுமா? வராது. தேர்வாணையம் தேர்வு வைத்து, உடல்தகுதி பார்த்து, பயிற்சி முடித்து ஒரு காவலர் நிலையத்துக்கு வரப் பல மாதங்கள் ஆகும். அதற்குள் இன்னும் பலர் ஓய்வு பெற்றிருப்பார்கள். ஆனால் இந்தச் சட்டத்தால் முதலில் பயனடைவது காவலர்களே. போலீஸ் ஆராய்ச்சிப் பணியகத்துக்காக நடந்து 2014-இல் வெளிவந்த ஆய்வில், காவல் நிலையங்களில் இருப்பவர்களில் பத்தில் ஒன்பது பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்கிறார்கள் என்றும், மாதத்தில் ஒரு வார விடுப்புகூடக் கிடைக்காதவர்கள் எழுபது சதவீதத்துக்கும் அதிகம் என்றும் தெரிந்தது. தமிழ்நாட்டில் காவலர்களுக்கு வார விடுப்பு தரும் அரசாணை 2021 நவம்பரில் வந்தது. சங்கம் வைத்துக் கோரிக்கை எழுப்ப வழியில்லாத துறையில், அந்த ஆணை எந்த நிலையத்தில் நடக்கிறது, எதில் நடக்கவில்லை என்று சொல்லக்கூடியது பட்டியல் ஒன்றுதான்.

அப்படி ஒரு சட்டத்துக்கு நீளமான வரைவு தேவைப்படாது. நிலையம் வாரியாக, பதவி வாரியாக அனுமதிக்கப்பட்ட இடம், நிரம்பிய இடம், அயற்பணியில் இருப்பவர், பெண் காவலர் என்று நான்கு எண்கள். ஒரு காலியிடம் எத்தனை மாதமாகக் காலி என்ற ஐந்தாவது எண். ஆண்டுக்கு இரண்டு தேதி. தாமதமானால் காரணத்தைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் என்ற ஒரு வரி. காவல் மாநிலப் பட்டியலில் இருப்பதால் டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. 2013 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தாலே போதும். அத்திப்பள்ளிப் பக்கத்துக்கும் சேர்த்து நடக்க வேண்டுமானால் பெங்களூருவில் இருக்கும் சட்டமன்றம் தனியாக இதையே செய்ய வேண்டும்.

அதுவரை பட்டறை முதலாளியின் கையில் இருப்பது பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை. கிருஷ்ணகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதலாம். ‘ஏன் போலீஸ் குறைவு’ என்று கேட்டால் பதில் வராது; தகவல் உரிமைச் சட்டம் ஆவணத்தில் உள்ளதைத்தான் தரும். ஆகவே இன்ன நிலையத்துக்கு, இன்ன தேதியில், பதவி வாரியாக அனுமதிக்கப்பட்டவர், பணியிலுள்ளவர், அயற்பணியில் உள்ளவர் எத்தனை என்று எண்ணை மட்டும் கேட்க வேண்டும். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் போதாவிட்டாலோ அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாநிலத் தகவல் ஆணையம் இருக்கிறது.